பேட்டரி செத்தது சரி, கொன்றது யார்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பு மாதிரி பறந்த கார், வியாழக்கிழமை சாயங்காலம் சாவியைத் திருகினால் "டிக் டிக் டிக்" என்றது. செல்ஃப் எடுக்கவில்லை. டாஷ்போர்டில் இருக்கும் அத்தனை எச்சரிக்கை விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. ஏர்பேக், ஏபிஎஸ் பிரேக், ஸ்டியரிங், இன்ஜின் எல்லாம் ஒரே நேரத்தில். பிறகு மொத்தமும் அணைந்து இருட்டானது.

காரைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். டர்போ வைத்த இரண்டு கதவுக் கார், நான்கு சிலிண்டர். எடைச் சமநிலைக்காகப் பேட்டரியை டிக்கியில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் இதை வைத்திருந்தவர் பெரிய ஃப்யூயல் பம்ப், தடிமனான இன்டர்கூலர், கண்ணாடி ஓரத்தில் ஆயில் சூடு காட்டும் ஒரு மீட்டர் என்று ஆசைப்பட்டதையெல்லாம் போட்டிருந்தார். ஆசைப்பட்டுப் போட்டவற்றின் ஒயரிங்கை யார் பார்த்தார்கள் என்பது வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

அன்றைக்கு முதலில் செய்தது, செய்யக்கூடாத வேலை. ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் பிழைகளைப் படிக்க வைத்திருக்கும் ஓபிடி சாக்கெட்டில் எப்போதும் செருகியே வைத்திருக்கும் சின்ன புளூடூத் கருவியிலிருந்து, போனில் பிழைக் குறியீடுகளைப் படித்தேன். (இந்தக் கருவியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) மொத்தம் 14 குறியீடுகள். ஸ்டியரிங் மாட்யூலோடு (காரின் ஒவ்வொரு பகுதியையும் கவனிக்கும் சின்னக் கம்ப்யூட்டர்தான் மாட்யூல்) தொடர்பு இல்லை, ஏபிஎஸ்ஸோடு தொடர்பு இல்லை, யு0100 என்று இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவோடேயே தொடர்பு இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏபிஎஸ் மாட்யூல் போயிருக்கும், அதுதான் மற்றதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது என்று நானே ஒரு கதையை முடிவு செய்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். போன் போட்டேன்.

"அண்ணே, ஏபிஎஸ் மாட்யூல் போயிடுச்சு போல."

"மல்டிமீட்டர் வச்சிருக்கியா தம்பி?"

"இருக்குண்ணே."

"அப்போ கோடெல்லாம் ஒரு தாள்ல எழுதி வச்சுக்கிட்டு அழிச்சிடு. முதல்ல பேட்டரியைப் பாரு. பேட்டரி சரியில்லாம எந்த மாட்யூலையும் சந்தேகப்படாதே."

எழுதிய தாளைத் திரும்பப் பார்த்தபோதுதான் பட்டியலின் நடுவில் பி0562 உட்கார்ந்திருந்தது தெரிந்தது. சிஸ்டம் வோல்ட்டேஜ் குறைவு என்று அர்த்தம். 14 பேர் கூச்சல் போட்ட இடத்தில் உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான். செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டேஜ் பள்ளத்தில் விழுந்தால் ஒவ்வொரு மாட்யூலும் ஒரு கணம் அணைந்து எழும். எழுந்ததும் பக்கத்து மாட்யூலைக் கூப்பிட்டுப் பார்க்கும், பதில் வராது, உடனே "அவனைக் காணோம்" என்று எழுதி வைத்துவிடும். தெருவுக்கே கரண்ட் போயிருக்கும்போது ஒவ்வொரு வீட்டுக்காரரும் எதிர்வீட்டு விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்பது மாதிரி.

மீட்டரைப் பேட்டரியில் வைத்தேன். 11.7 வோல்ட். ஈயப் பேட்டரியில் ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் சொச்சம். அதனால் முழு சார்ஜில் சும்மா இருக்கும்போது 12.6, 12.7 காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. 11.7 என்பது தரை தட்டிய நிலை.

ராத்திரி முழுக்க சார்ஜரில் போட்டேன். காலையில் கழற்றிப் பார்த்தால் 13.1. சந்தோஷமாக மறுபடி போன்.

"இப்பத்தான் சார்ஜரைக் கழட்டினியா?"

"ஆமாண்ணே."

"அது மேல் சார்ஜ், மேலோட்டமா நிக்கிறது. ஹெட்லைட்டை ரெண்டு நிமிஷம் எரியவிட்டு அணைச்சுட்டு, அரை மணி நேரம் கழிச்சுப் பாரு."

அப்படியே செய்தேன். 12.6. பார்த்தீர்களா, நல்லாத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அண்ணன் விடவில்லை. "வோல்ட்டேஜ் இருக்கு சரி, பலம் இருக்கா? யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிட்டு, மீட்டர் முனையை பேட்டரியோட ஈயக் கம்பத்துலயே குத்திப் பிடி. க்ளாம்ப்புல இல்ல, கம்பத்துல."

தங்கையை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, டிக்கிக்குள் தலையை விட்டபடி "அடி" என்றேன். இன்ஜின் சோம்பலாக இரண்டு சுற்று சுற்றிப் பற்றிக்கொண்டது. அதற்குள் மீட்டரில் எண் 12.6லிருந்து 8.3க்கு விழுந்து எழுந்தது. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக்கூடாது என்பது பழைய கணக்கு. நல்ல பேட்டரி பத்துக்கு மேலேயே நிற்கும். கம்பத்தில் பிடிக்கச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. க்ளாம்ப்பில், அதாவது கம்பத்தைக் கவ்வும் ஒயர் முனையில், பிடித்தால் க்ளாம்ப் லூஸாக இருப்பதால் விழும் வோல்ட்டேஜும் சேர்ந்து பேட்டரியின் கணக்கில் ஏறிவிடும். கம்பத்திலேயே 8.3 என்றால் பழி வேறு யார் மேலும் போடமுடியாது.

இதில் நான் கவனிக்காமல் விட்ட இன்னொன்றும் உண்டு. என்னுடையது ஏஜிஎம் பேட்டரி, அமிலம் கண்ணாடி நார்ப் பாயில் ஊறியிருக்கும் வகை. அந்த வகை முழு சார்ஜில் 12.8க்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். ராத்திரி முழுக்க ஏற்றியும் 12.6தான் என்றால், அதுவே ஒரு மூச்சிரைப்புத்தான். ஆழமாக இறங்கிக் கிடந்த பேட்டரியில் தகடுகள் மேல் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். வேலை செய்யும் பரப்பு குறைந்து உள் தடை கூடிவிடும். வாய் குறுகிய குடம் மாதிரி. உள்ளே தண்ணீர் இருக்கிறது, கவிழ்த்தால் சொட்டுகிறது. மீட்டர் ஒன்றும் இழுக்காமல் எட்டிப் பார்த்துவிட்டு "குடம் நிறைய இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறது.

புதுப் பேட்டரி போட்டேன். இங்கே நீட்ட ஒன்றுமில்லை. அதே ஏஜிஎம் வகை, அதே அளவு 70 ஆம்பியர் மணி. மைனஸ் முதலில் கழற்றி, கடைசியில் மாட்டினேன். டிக்கிக்குள் இருப்பதால் வாயு வெளியேறும் குழாயை மறக்காமல் செருகினேன், ஹைட்ரஜன் கார் உள்ளே தங்கக்கூடாது. மைனஸ் கம்பத்தில் பேட்டரி சென்சார் இருக்கும் கார் என்பதால், ஸ்கேனரில் புதுப் பேட்டரி என்று பதிவு செய்தேன். அதைச் செய்யாவிட்டால் கார், பழைய கிழட்டுப் பேட்டரிக்கு ஏற்றிய கணக்கிலேயே புதியதற்கும் ஏற்றிக்கொண்டிருக்கும். நண்பன் ஒருவன் எடை குறைந்த லித்தியம் பேட்டரி போடச் சொன்னான். அவை சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 காட்டும். அதற்குத் தகுந்த சார்ஜிங்கும் வேண்டும். கார் கரண்ட்டை எங்கே தின்கிறது என்று தெரியாமல் அதைப் போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. நல்லவேளை.

அண்ணனுக்குச் சொன்னேன். "புதுசு போட்டாச்சுண்ணே. கோடு ஒண்ணுகூட திரும்ப வரல."

"சரி. பழசு ஏன் செத்துச்சு?"

"வயசாயிடுச்சுண்ணே."

"என்ன வயசு?"

பேட்டரி மேல் பொறித்திருந்த தேதியைப் பார்த்தேன். இரண்டே கால் வருஷம்.

"அது சாகுற வயசா? பேட்டரி சும்மா சாகாது தம்பி. ஒண்ணு சூட்டுல சாகும், இல்ல பட்டினியில சாகும். உன்னோடது டிக்கியில இருக்கு, சூடு கிடையாது."

அப்படியானால் பட்டினி. பட்டினியிலும் இரண்டு வகை: போதுமான அளவு போடாமல் இருப்பது, போட்டதை வேறு யாரோ தின்றுவிடுவது. முதலாவதைப் பார்க்க இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரி கம்பத்தில் அளந்தேன். 14.1 வோல்ட். மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அதே இடத்தில் பார்த்தேன். ஆல்டர்னேட்டருக்குள் டையோடு ஏதாவது போயிருந்தால் அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் அலையடிக்கும். 0.03தான் இருந்தது. ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் இருக்கிறது என்று எழுதி வைத்தேன். ஹெட்லைட், ஃபேன், எதையும் போடாமல் அளந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

சரி, யாரோ தின்கிறார்கள். நிறுத்தி வைத்த காரில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று பார்க்கவேண்டும். இந்த வேலைக்குப் பொறுமை முக்கியம், அது எனக்குக் கொஞ்சம் கம்மி. முதல் முயற்சியில் கரண்ட் முழுக்க மீட்டர் வழியாகவே போகும்படி அதைத் தொடரில் மாட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் சாவியைத் திருகிவிட்டேன். மீட்டருக்குள் இருந்த 10 ஆம்பியர் ஃப்யூஸ் போயிற்று. ஃப்யூஸ் மாற்றி மறுபடி ஆரம்பித்தேன்.

டிக்கி திறந்திருந்தால் கார் விழித்தே இருக்கும். அதனால் திருப்புளியால் டிக்கிப் பூட்டின் நாக்கைத் தள்ளி, மூடியிருப்பதாகக் காரை நம்பவைத்தேன். சாவியை வீட்டின் மறுகோடியில் கொண்டுபோய் வைத்தேன், இல்லாவிட்டால் சாவி பக்கத்தில் இருக்கிறது என்றே கார் தூங்காது. மைனஸ் க்ளாம்ப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே மீட்டரின் ஒரு முனையைக் கம்பத்திலும் மற்றதை க்ளாம்ப்பிலும் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, அப்புறம் மெதுவாக க்ளாம்ப்பைத் தூக்கினேன். இப்படிச் செய்தால் இணைப்பு ஒரு நொடிகூட அறுவதில்லை. அறுந்தால் எல்லா மாட்யூலும் புதிதாக எழுந்து உட்காரும், தூங்கவைக்க மறுபடி முதலிலிருந்து தாலாட்டவேண்டும்.

முதலில் 6 ஆம்பியர். பிறகு 3. ஒன்றரை. ஒவ்வொரு மாட்யூலாகப் படுக்கைக்குப் போவது எண்ணில் தெரியும். 20 நிமிடத்தில் 0.42 ஆம்பியரில் வந்து நின்றது. அங்கேயே நின்றது. அரை மணி, முக்கால் மணி, அதே 0.42. தூங்கும் காரில் பொதுவாக 0.05க்குள் இருக்கவேண்டும்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். 0.42 ஆம்பியர், 24 மணி நேரம், ஒரு நாளைக்கு 10 ஆம்பியர் மணி. ஞாயிறு காலையிலிருந்து வியாழன் சாயங்காலம் வரை நாலரை நாள். 70இல் 45 காலி. அதுவும் பேட்டரி முழு சார்ஜோடு ஞாயிற்றுக்கிழமையை முடித்திருந்தால்தான். செல்ஃப் அடிப்பதற்கென்று செய்த பேட்டரி இப்படி வாராவாரம் ஆழத்துக்குப் போய் வருவதைத் தாங்காது. இரண்டே கால் வருஷம் தாக்குப்பிடித்ததே அதன் பெருந்தன்மை.

திருடனைப் பிடிக்க ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழி. புதிய கார்களில் அது சரிப்படாது. ஒன்றைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் அந்த மாட்யூல் விழித்துக்கொண்டு ஊரையே எழுப்பிவிடும். அதற்குப் பதில், பிளேடு ஃப்யூஸின் தலையில் இரண்டு பொட்டு மாதிரி உலோகம் தெரியும். அந்த இரண்டிலும் மீட்டர் முனைகளை வைத்து மில்லிவோல்ட்டில் பார்த்தால் போதும். கரண்ட் ஓடாத ஃப்யூஸில் பூஜ்யம். ஓடுகிற ஃப்யூஸில், அதன் சின்னத் தடையால், ஒன்றோ இரண்டோ மில்லிவோல்ட்டாவது தெரியும். ஃப்யூஸ் பெட்டிக்குள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு 40க்கு மேற்பட்ட ஃப்யூஸ்களின் தலையைத் தொட்டுக்கொண்டே போனேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பிறகு மாட்யூல்களுக்கு நடுவில் செய்தி கடத்தும் கேட்வே மாட்யூலில் ஒன்று. மீட்டர் கிளஸ்டரில் ஒன்று. இன்ஜின் ஈசியூவின் விழிப்பு லைனில் ஒன்று.

எனக்குக் குழப்பம். ஒரு திருடனைத் தேடிப் போனால் மூன்று பேர். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கெட்டுப்போக வாய்ப்பில்லை. அரைத்தூக்கத்தில் இருக்கிறார்கள் என்றால், யாரோ பேசிக்கொண்டே இருப்பதால் இவர்களால் தூங்கமுடியவில்லை என்று அர்த்தம். யார் பேசுகிறார்கள்? டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே நீல விளக்கு ஒன்று கண்சிமிட்டியது.

ஓபிடி சாக்கெட்டில் 16ஆம் பின்னுக்குப் பேட்டரியிலிருந்து எப்போதும் நேராகக் கரண்ட் வரும், சாவியை எடுத்தாலும் நிற்காது. என் அருமைக் கருவி அதைக் குடித்துக்கொண்டு, போன் பக்கத்தில் இல்லாதபோதும், "இருக்கீங்களா? இருக்கீங்களா?" என்று நெட்வொர்க்கைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அதன் சொந்தப் பசி சின்னதுதான். அது எழுப்பிவிட்டவர்களின் பசிதான் பெரிது. பிடுங்கினேன். மீட்டரில் ஒன்றும் மாறவில்லை. இரண்டு நிமிடம் கழித்து 0.19. இன்னும் கொஞ்ச நேரத்தில் 0.02. அங்கே நின்றது.

குற்றம் நடந்ததைப் போனில் எனக்குச் சொன்னதும் அதே கருவிதான். அண்ணனிடம் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார்.

இதோடு பதிவை முடித்திருக்கலாம். ஆனால் புதுப் பேட்டரி போட்ட பிறகும் செல்ஃப் அடிக்கும்போது ஆரம்பத்தில் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. "ம்ம்... ர்ர்ர்" என்று. இல்லவே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செலவு செய்துவிட்ட மனசு அப்படித்தான். பிறகு ஒரு நாள், மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்து 5500 ஆர்பிஎம்மைத் தாண்டும்போது மிஸ்ஸிங் அடித்தது. பிக்கப் ஒரு கணம் தொங்கிவிட்டுத் திரும்பியது. ஓடும்போது இன்ஜின் எண்களைப் பதிவு செய்யும் லாக் எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையில் பெட்ரோல் குறைகிறது. டர்போ காரில் பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றழுத்தம், முழுதாக இருக்கும்போது பெட்ரோல் குறைவது விளையாட்டு இல்லை, பிஸ்டனே உருகும். காலை எடுத்துவிட்டு மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

வரும் வழியில் இருட்டிவிட்டது. ஹெட்லைட் போட்டேன். ஆயில் சூடு காட்டும் முள் கொஞ்சம் மேலே ஏறியது. அணைத்தேன், இறங்கியது. போட்டேன், ஏறியது. ஏசி ப்ளோயரை வேகமாக வைத்தேன், இன்னும் கொஞ்சம் ஏறியது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு நாலைந்து தடவை செய்து பார்த்தேன். சின்னப் பிள்ளை சுவிட்சோடு விளையாடுவது மாதிரி.

"அண்ணே, ஹெட்லைட் போட்டா ஆயில் சுடுதுண்ணே."

மறுமுனையில் ஒரு நொடி அமைதி. "அது ஆயில் இல்ல தம்பி. எர்த்து."

இது எனக்குப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். ஆல்டர்னேட்டர் இன்ஜினில் உட்கார்ந்திருக்கிறது. ஹெட்லைட், ஃபேன், பின்னால் இருக்கும் ஃப்யூயல் பம்ப் எல்லாம் கரண்ட்டை வாங்கிப் பயன்படுத்திவிட்டு, கார் பாடியில் இறக்கிவிடுகின்றன. அந்தக் கரண்ட் ஆல்டர்னேட்டருக்குத் திரும்பவேண்டுமானால் பாடியிலிருந்து இன்ஜினுக்குத் தாண்டவேண்டும். இன்ஜினோ ரப்பர் மவுன்ட் மேல் நிற்கிறது, ரப்பர் கரண்ட்டை விடாது. தாண்டுவதற்கு இருக்கும் ஒரே பாலம், பின்னிய செம்புப் பட்டை ஒன்று, எர்த் ஸ்ட்ராப். பேட்டரி டிக்கியில் இருக்கும் காரில் செல்ஃப் மோட்டாரின் கரண்ட்டும் திரும்பிப் போக அதே பாலம்தான். பாலத்தில் தடை இருந்தால், லோடு கூடும்போது இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் வோல்ட்டேஜ் வித்தியாசம் வந்துவிடும். ஆயில் சென்சார் ஒற்றை ஒயர் வகை, அதன் எர்த் இன்ஜின். டாஷில் இருக்கும் மீட்டரின் எர்த் பாடி. பாடி இன்ஜினைவிட அரை வோல்ட் உயர்ந்து நின்றால், சென்சாரின் வோல்ட்டேஜ் அரை வோல்ட் குறைந்ததாக மீட்டருக்குத் தெரியும். சூடு ஏறினால் தடை குறையும் சென்சார் அது, குறைந்த வோல்ட்டேஜ் என்றால் அதிகச் சூடு. ஹெட்லைட் போட்டால் ஆயில் கொதிக்கும் மர்மம் இவ்வளவுதான்.

நான் முதலில் ஸ்ட்ராப்பை மீட்டரின் பீப் வைத்துப் பார்த்தேன். பீப் அடித்தது. ஓம் அளவில் 0.3. ஆனால் மீட்டரின் இரண்டு முனைகளை ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 காட்டும். நான் தேடுவதோ 0.01 ஓம். அந்தத் தடையில் 180 ஆம்பியர் ஓடினால் 1.8 வோல்ட் காணாமல் போகும். ஒரே ஒரு செம்பு இழை மிஞ்சியிருந்தாலும் பீப் அடிக்கத்தான் செய்யும். இதை லோடில்தான் பிடிக்கமுடியும்.

நீளமான ஒயர் ஒன்றை டிக்கியில் பேட்டரி மைனஸ் கம்பத்திலிருந்து முன்னால் இழுத்து வந்து மீட்டரின் ஒரு முனையில் இணைத்தேன். மற்ற முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஒரு இடத்தில் குத்தினேன். தங்கை செல்ஃப் அடித்தாள். 1.8 வோல்ட். இந்த இடத்தில் 0.2க்குள் இருக்கவேண்டும். இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன், ப்ளோயர் எல்லாவற்றையும் போட்டேன். 60 ஆம்பியராவது ஓடியிருக்கும். 0.6 வோல்ட். அதே லோடில் டிக்கியில் பேட்டரியின் இரண்டு கம்பத்துக்கும் நடுவில் பார்த்தால் 13.6தான். அன்றைக்கு லோடு போடாமல் 14.1 பார்த்துவிட்டு ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் இருக்கிறது என்று எழுதினேனே, ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் இருந்தது. அது கொடுத்தது முழுதாகப் பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை. பாவம் அந்தப் பழைய பேட்டரி, ஓடும்போது அரைவயிறு, நிற்கும்போது கருவியின் கொள்ளை. பின்னால் ஃப்யூயல் பம்ப் கனெக்டரில் 12.4 வோல்ட்தான் இருந்தது. வோல்ட்டேஜ் குறைந்தால் பம்ப் தள்ளும் பெட்ரோலும் குறையும். ஐட்லிங்கில் அது தெரியாது, முழு பூஸ்ட்டில் தெரியும்.

ஸ்ட்ராப் எங்கே என்று தேடுவதற்கே ஒரு மணி நேரம் போயிற்று. இன்டேக் குழாய்க்குக் கீழே, கியர்பாக்ஸ் பக்கமாக, கண்ணாடியை நீட்டிப் பார்த்தால்தான் தெரியும் இடத்தில் இருந்தது. பாடி பக்கத்து போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன், ஸ்பேனருக்கு வேலையே இல்லை, விரலால் திரும்பியது. ஸ்ட்ராப்பின் முனையில் இருக்கும் உலோக வளையத்தை, லக்கை, வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். செம்பு இழைகளில் பாதிக்கு மேல் ஒடிந்து துடைப்பம் மாதிரி விரிந்திருந்தன. மிச்சம் இருந்தவற்றில் பச்சைக் களிம்பு, தொட்டால் விரலில் மாவு மாதிரி ஒட்டியது. லக் சூட்டில் பழுப்பாகி ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது. அது உட்கார்ந்திருந்த இடத்தில் வழவழவென்று கறுப்பு பெயின்ட். யாரோ எப்போதோ கிளட்ச் வேலைக்காகக் கழற்றியிருக்கிறார்கள், அந்த இடத்துக்குப் பெயின்ட் அடித்து அழகு பார்த்து, பெயின்ட் மேலேயே எர்த்தை மாட்டியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் இத்தனை நாள் கரண்ட் ஊர்ந்து போயிருக்கிறது. 60 ஆம்பியரில் 0.6 வோல்ட் என்றால் 36 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் அங்கே எப்போதும் எரிந்துகொண்டிருந்ததற்குச் சமம்.

உப்புத்தாள் வைத்துப் பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளை உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். பழையதைவிடத் தடிமனான புது ஸ்ட்ராப், பல் வாஷர், போல்ட்டை இறுக்கின பிறகு மேலே கிரீஸ் பூச்சு. கிரீஸை முதலில் தடவிவிட்டு மாட்டுபவர்கள் உண்டு, எனக்கு உலோகத்தோடு உலோகம் சேர்ந்த பிறகு மூடுவதுதான் பிடிக்கும். இன்ஜின் பக்கத்து லக்குக்கும் அதே உபசாரம்.

மறுபடி அதே நீள ஒயர், அதே இடங்கள். செல்ஃப் அடிக்கும்போது 0.15. எல்லா லோடும் போட்டு ஓடும்போது 0.05. பம்ப் கனெக்டரில் 12.4 இருந்தது 13.0 ஆனது. டிக்கியில் பேட்டரிக்கு லோடோடு 14.1. செல்ஃப் இப்போது "ம்ம்" என்று யோசிப்பதில்லை, தொட்டதும் "ர்ர்ர்" தான். மூன்றாவது கியரில் லாக் எடுத்தேன், கலவை நேர்கோடாக நிற்கிறது.

இடையில் சும்மா இருக்கமாட்டாமல், ஓபிடி சாக்கெட்டின் 6ஆம் 14ஆம் பின்னுக்கு நடுவில், மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் கேன் லைனின் தடையையும் பார்த்தேன். இரண்டு முனையிலும் 120 ஓம், இணையாகச் சேர்ந்து 60 காட்டவேண்டும். 60 காட்டியது. அன்றைக்கு ஏபிஎஸ் மாட்யூலை வாங்கியிருந்தால் அதையும் மாட்டிவிட்டு, 14 குறியீடுகளையும் திரும்பப் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

புளூடூத் கருவி இப்போது கையுறைப் பெட்டியில் கிடக்கிறது. லாக் எடுக்கும்போது மட்டும் செருகி, இறங்கும்போது பிடுங்கிவிடுகிறேன். ஆயில் சூட்டு மீட்டரின் எர்த்தையும் இன்ஜினுக்கே இழுத்துப் போட்டுவிடச் சொன்னார் அண்ணன், இன்னும் செய்யவில்லை. இருட்டியதும் ஹெட்லைட் சுவிட்சைத் திருகும்போது கண் தானாக அந்த முள்ளுக்குத்தான் போகிறது. அசைவதில்லை. அணைத்துவிட்டு இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பேன்.